காகிதக் கிணறுகள்!

“தோண்டு கண்ணே, தோண்டு!” என்று முழங்கினார் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப். 2025 சனவரி 20ஆம் நாள், இரண்டாம் முறையாகப் பதவி ஏற்ற மேடையிலேயே முழங்கினார். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். இனி எண்ணெய் ஆறாக ஓடும், விலை தரையைத் தொடும், வேலை வீடு தேடி வரும் என்று அவருடைய அன்பர்கள் கணக்குப் போட்டார்கள்.

தோண்டினார்களா?

மேடையைக் கேட்டால் ‘ஆம்’ என்றுதான் சொல்லும். நாம் மேடையைக் கேட்கவில்லை, கணக்கைக் கேட்டோம். அமெரிக்காவில் எண்ணெய்க்காகத் துளையிடும் ரிக்குகள் எத்தனை ஓடுகின்றன என்பதை பேக்கர் ஹியூஸ் என்னும் நிறுவனம் வாரந்தோறும் எண்ணிச் சொல்கிறது. 1944இல் தொடங்கிய கணக்கு அது. தலைவர் முழங்கிய வாரத்தில் ஓடிய எண்ணெய் ரிக்குகள் 480ஐ ஒட்டி இருந்தன. அதே ஆண்டு ஆகஸ்டுத் தொடக்கத்தில் 410ஐ ஒட்டி நின்றன. முழக்கம் ஏறியது, ரிக் இறங்கியது! கட்டளை பிறந்தது கோட்டையில். கட்டுப்பட மறுத்தது கோபுரம்.

அத்தோடு முடிந்ததா வேடிக்கை? இல்லை. ரிக் குறைந்த அதே 2025இல் அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி நாளொன்றுக்கு 1 கோடியே 30 லட்சம் பீப்பாயைத் தாண்டி, அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. துளையிடும் கருவி குறைகிறது, எண்ணெய் கூடுகிறது! இன்னொரு பக்கம், கிணறு தோண்ட அரசு தந்த பெர்மிட்டுகள் ஆயிரக்கணக்கில் கம்பெனிகளின் பெட்டிகளில் உறங்குகின்றன.

இதென்ன மாயம்? யாருக்கு இலாபம்? யார் தலையில் கல்? இதைத்தான் இன்று நாம் ஆராய வேண்டியிருக்கிறது.

‘அமெரிக்காக்காரன் கிணறு தோண்டினால் நமக்கென்ன, தோண்டாவிட்டால் நமக்கென்ன?’ என்று கேட்கும் தோழர் இருக்கலாம். இந்தியா தன் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டில் வாங்குகிறது. அங்கே விலை அசைந்தால் இங்கே லாரி வாடகை அசைகிறது, லாரி வாடகை அசைந்தால் அரிசி மூட்டை அசைகிறது. அந்த விலையை ஆட்டி வைக்கும் கைகளில் ஒன்று அமெரிக்காவின் ஷேல் கிணறு. ஆட்டுவிக்கும் கையின் ரேகையை ஆடுகிறவன் படித்துப் பார்ப்பதில் தவறில்லை.

இரும்பும் பாறையும்

ரிக் என்றதும் நம் தோழர்களுக்குத் திருச்செங்கோட்டு வண்டி நினைவுக்கு வரும். போர் போடும் வண்டி. ஊருக்குள் நுழைந்தால் ஒரு பகல், ஓர் இரவு, அவ்வளவுதான். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அடிக்கணக்குக்குக் காசை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். அதே வேலையை மலையளவு பெரிதாக்கிப் பாருங்கள். அதுதான் எண்ணெய் ரிக்.

அமெரிக்காவின் வட எல்லையில், கனடாவை ஒட்டி வட டக்கோட்டா என்று ஒரு மாநிலம். கோதுமை விளையும் சமவெளி. குளிர்காலத்தில் மூச்சுக்காற்றே உறையும். அங்கே டையோகா என்னும் சிற்றூருக்கு அருகில் 1951 ஏப்ரலில் முதன்முதலாக எண்ணெய் கண்டார்கள். அந்தப் பகுதி உழவர் ஒருவரின் பெயரால் அங்குள்ள பாறை அடுக்குக்குப் ‘பாக்கன்’ என்று பெயர் வந்தது. இரண்டு கருங்களிப் பாறைகள். ஷேல் என்பது இதுதான். நடுவிலே மெல்லிய இன்னொரு பாறை. இரண்டு தோசைக்கு நடுவே தடவிய மசாலா போல. எண்ணெய் அங்கே இருப்பது ஐம்பதாண்டுகளுக்கு மேலாகத் தெரியும். ஆனால் பாறை விடாது. செங்குத்தாகத் துளைத்தால் மெல்லிய அடுக்கைக் கடந்து போய்விடும்.

பிறகு வழி கண்டார்கள். ஏறத்தாழ இரண்டு மைல் ஆழம் நேர்க்கீழாகப் போவது, அங்கே துளையை வளைப்பது, அந்த மெல்லிய அடுக்குக்குள்ளேயே பக்கவாட்டில் இன்னும் இரண்டு மைல் போவது. பின்னர் தண்ணீரையும் மணலையும் வேதிப்பொருளையும் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையை நொறுக்குவது. பிராக்கிங் என்பது அதன் பெயர். 2006இல் பார்ஷல் என்னுமிடத்தில் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டதும் வேட்டை தொடங்கியது. ஒரு கிணற்றுக்கு 70 லட்சம், 80 லட்சம் டாலர். ஏழை வீட்டுப் போர் அல்ல, எஜமான் வீட்டுப் போர்!

இந்தக் கிணற்றுக்கு ஒரு குணம் உண்டு. பிறந்த அன்று சிங்கம், ஓராண்டில் பூனை. முதல் ஆண்டிலேயே உற்பத்தி பாதிக்கும் கீழே, பல கிணறுகளில் மூன்றில் ஒரு பங்காக, விழுந்துவிடும். உற்பத்தி குறையாமல் நிற்க வேண்டுமானாலே புதிய கிணறு தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடினால்தான் நின்ற இடத்தில் நிற்கலாம். அதனால்தான் அங்கே எல்லோரும் ரிக்கை எண்ணுகிறார்கள்.

நான்கு கணக்குகள்

வட டக்கோட்டா அரசின் எண்ணெய் எரிவாயுத் துறை இந்தக் கணக்கை மூடி வைப்பதில்லை. இன்று ஓடும் ரிக் எவை, எந்தக் கம்பெனிக்காக, எந்தக் கிணற்றில், எந்த நாளில் தொடங்கியது என்று நாள்தோறும் பட்டியல் போடுகிறது. எத்தனை பெர்மிட் தந்தது, எத்தனை ரத்தாயின, எத்தனை புதுப்பிக்கப்பட்டன, எந்தக் கிணறு உற்பத்திக்கு வந்தது என்று இன்னொரு பட்டியல். ஒரே ஒரு திரை உண்டு: கம்பெனி கேட்டால் ஒரு கிணற்றின் விவரத்தை ஆறு மாதம் மறைத்து வைக்கலாம். ஆறு மாதம் கழிந்தால் திரை விலகத்தான் வேண்டும்.

இந்தப் பட்டியல்களில் நான்கு கணக்குகள் உண்டு. காகிதத்தின் கணக்கு, அது பெர்மிட். இரும்பின் கணக்கு, அது ரிக். துளையிட்டும் உடைக்காமல் விட்ட கிணறுகளின் கணக்கு ஒன்று. கடைசியில் பீப்பாயின் கணக்கு. இந்த நான்கையும் ஒன்றென்று நினைப்பவன் ஏமாளி. ஒன்றென்று சொல்பவன் ஏமாற்றுக்காரன்.

சான்று காட்டுகிறோம். வட டக்கோட்டாவில் ரிக் கணக்கு உச்சத்தைத் தொட்டது 2012 மே 29. அன்று ஓடியவை 218. பெர்மிட் கணக்கு உச்சத்தைத் தொட்டது எப்போது? அதே ஆண்டு அக்டோபரில். ஒரே மாதத்தில் 370 பெர்மிட்டுகள்! அந்த அக்டோபரில் ரிக்குகள் எத்தனை? 190ஐ ஒட்டி. இரும்பு இறங்கத் தொடங்கிய பிறகு காகிதம் ஏறியிருக்கிறது! பெர்மிட் கூடியதைப் பார்த்து, ‘ஆகா, வேலை கூடப் போகிறது’ என்று அன்று மூட்டை கட்டிப் புறப்பட்டவன் காகிதத்தை நம்பிப் புறப்பட்டவன்.

அடுத்த சான்று. 218 ரிக் ஓடிய 2012 மே மாதத்தில் மாநிலத்தின் உற்பத்தி நாளொன்றுக்கு 6 லட்சத்து 40 ஆயிரம் பீப்பாயை ஒட்டி இருந்தது. 2019 நவம்பரில் அது 15 லட்சத்து 19 ஆயிரம் பீப்பாய். அதுவே அந்த மாநிலத்தின் உச்சம். அன்று ஓடிய ரிக்குகள் 60க்கும் குறைவு! ஒன்றை ஒன்றால் வகுத்து, ‘ரிக்குக்கு இத்தனை பீப்பாய்’ என்று சொல்வது சரியான கணக்கு ஆகாது. முன்பு தோண்டிய ஆயிரக்கணக்கான கிணறுகளும் சேர்ந்துதான் அந்த 15 லட்சம். ஆனாலும் திசை தெரிகிறது. ரிக் ஒன்றின் ஆற்றல் பலமடங்கு ஆகியிருக்கிறது.

எப்படி ஆயிற்று? முன்பு ஒரு கிணறு துளைக்க ஒரு மாதமும் அதற்கு மேலும் ஆயிற்று, பின்னர் இரண்டு வாரத்துக்கும் குறைவாயிற்று. முன்பு ஒரு கிணறு முடிந்தால் ரிக்கைக் கழற்றி, லாரிகளில் ஏற்றி, அடுத்த இடத்தில் பூட்ட வேண்டும். இப்போது ரிக்குக்குக் கால் முளைத்துவிட்டது! ஒரே களத்தில் வரிசையாகக் கிணறுகள், ஒன்றை முடித்துச் சில அடி நகர்ந்து அடுத்ததைத் தொடங்குகிறது. பக்கவாட்டுத் துளையும் இரண்டு மைல் என்றிருந்தது மூன்று மைல், நான்கு மைல் என நீள்கிறது. எண்ணெய் கூடிற்று, ரிக் குறைந்தது. அந்த ரிக்கில் நின்றவன் என்ன ஆனான்? அதற்கு மட்டும் பட்டியலில் கட்டம் இல்லை!

பெர்மிட் ஏன் உறங்குகிறது?

தோண்டப் போவதில்லை என்றால் பெர்மிட் எதற்கு? நல்ல கேள்வி. அதற்குள்தான் முதலாளியின் சாமர்த்தியம் ஒளிந்திருக்கிறது.

அங்கே நிலத்துக்கு இரண்டு உடைமை. மேலே உழுகிற மண் ஒருவருக்கு, கீழே கிடக்கும் கனிமம் இன்னொருவருக்கு என்று பிரித்து விற்கலாம், பிரித்தே விற்றிருக்கிறார்கள். பாட்டன் காலத்தில் கனிம உரிமையை இழந்த குடும்பத்தில் பேரன் கோதுமை விதைக்கிறான். அவன் வயலில் ரிக் ஏறுகிறது. மண் கெட்டதற்கு நட்ட ஈடு உண்டு. எண்ணெயில் பங்கு இல்லை! கனிமம் கையில் உள்ளவருக்கோ கம்பெனி குத்தகைப் பணம் தருகிறது, எண்ணெய் வந்தால் ஒரு பங்கும் தருகிறது. குத்தகைக் காலம் மூன்று முதல் ஐந்து ஆண்டு. அதற்குள் கிணறு தோண்டாவிட்டால் குத்தகை போயிற்று. தோண்டி எண்ணெய் எடுத்துவிட்டாலோ, எண்ணெய் வரும் வரை குத்தகை நிற்கும்.

இங்கேதான் சூட்சுமம். 1,280 ஏக்கர், அதாவது இரண்டு சதுர மைல், ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு கிணறு ஓடினால் போதும், கட்டம் முழுவதும் கம்பெனியின் பிடியில். 2012இல் 218 ரிக்குகள் வெறிபிடித்து ஓடியதன் காரணம் எண்ணெய்ப் பசி மட்டுமல்ல. குத்தகை காலாவதியாகும் முன் கட்டத்துக்கு ஒரு கிணறு குத்தி நிலத்தைப் பிடித்துக்கொள்ளும் அவசரமும்தான். பிடித்தாயிற்று. இனி அவசரம் யாருக்கு? கம்பெனிக்கு இல்லை! மீதிக் கிணறுகளை இன்று தோண்டலாம், ஐந்தாண்டு கழித்தும் தோண்டலாம். ஓராண்டுக் காலம் கொண்ட பெர்மிட்டை வாங்கி வைக்கலாம், புதுப்பித்துக்கொள்ளலாம். கிணறு ஒன்றுக்கு ஆகும் செலவைப் பார்த்தால் காகிதத்தின் செலவு காலணா. சட்டம் மாறினாலும் கையில் காகிதம் இருக்கும். பங்குச் சந்தையில், ‘எம்மிடம் இத்தனை கிணறு கைவசம்’ என்று கடை பரப்பவும் உதவும்.

துளைத்த பிறகும் விளையாட்டு ஓயவில்லை. 2014 நடுவில் 100 டாலருக்கு மேல் விற்ற பீப்பாய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே விழுந்தது. கம்பெனிகள் கிணற்றைத் துளைத்தன, பாறையை உடைக்காமல் மூடி வைத்தன. துளைத்த கிணற்றை ஓராண்டுக்குள் உற்பத்திக்குக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. என்ன செய்தது மாநிலம்? 2015 அக்டோபரில் விதியை இரண்டாண்டாக நீட்டியது! அந்த ஆண்டின் இறுதியில் இப்படிக் காத்துக் கிடந்த கிணறுகள் ஏறத்தாழ ஆயிரம். வாடகை கட்டத் தவறிய தொழிலாளிக்கு எந்த வீட்டுக்காரன் இரண்டாண்டுத் தவணை தந்தான்?

2022 மார்ச்சில் இந்த வழக்கு நாடறிய அரங்கேறியது. உருசியா உக்ரேனுக்குள் படை செலுத்திய பின் எண்ணெய் விலை 120 டாலரைத் தாண்டியது. ‘பெர்மிட் தராமல் எண்ணெய்த் தொழிலை நெரிக்கிறார் பைடன்’ என்றனர் எதிர்க்கட்சியினர். ‘கூட்டரசு நிலத்தில் 9,000க்கும் மேற்பட்ட பெர்மிட்டுகள் தோண்டாமல் கிடக்கின்றனவே, முதலில் அவற்றைத் தோண்டுங்கள்’ என்றது வெள்ளை மாளிகை. கம்பெனிகள் பதில் சொல்லின: பெர்மிட் இருந்தால் போதுமா, குழாய் வேண்டாமா, மணல் வேண்டாமா, ஆள் வேண்டாமா, முதலீடு வேண்டாமா என்று.

அந்தப் பதிலில் உண்மை உண்டு, மறுக்க மாட்டோம். பெர்மிட் வேறு, கிணறு வேறுதான். ஆனால் ஐயா, அப்படியானால் பெர்மிட் இல்லாததால்தான் எண்ணெய் இல்லை என்று ஓலமிட்டது எந்த வாய்? ஒரே வாய் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் பேசலாமா? டெக்சாசில் பெருங்கிணறுகள் வைத்திருந்த பயனியர் நிறுவனத்தின் தலைவர் ஸ்காட் ஷெபீல்டு 2022 பிப்ரவரியிலேயே உள்ளதைச் சொல்லிவிட்டார். விலை 150 ஆனாலும் 200 ஆனாலும் உற்பத்தித் திட்டத்தை மாற்றப் போவதில்லை என்றார். பணம் கிணற்றுக்குப் போகவில்லை. பங்குதாரருக்கு ஈவுத்தொகையாகவும், பங்குகளைத் திரும்ப வாங்கவும் போயிற்று. முட்டுக்கட்டை அரசின் மேசையில் இல்லை, முதலாளியின் கல்லாப் பெட்டியில்!

டிரம்ப் முழக்கம் பலிக்காததன் காரணமும் அதுவே. 2025 சூலையில் அவர் கையொப்பமிட்ட சட்டம், கூட்டரசு நிலத்தில் எடுக்கும் எண்ணெய்க்கு அரசுக்குச் சேர வேண்டிய பங்கை நூற்றுக்கு 16.67இலிருந்து 12.5 ஆகக் குறைத்தது. பெர்மிட்டுக்கு நான்காண்டு ஆயுளும் தந்தது. பெர்மிட் மலிந்தது, பங்கு குறைந்தது. ரிக் கூடியதா? 2025இல் பீப்பாய் விலை 60 டாலர் வட்டாரத்தில் தள்ளாடியபோது எந்த முதலாளி தோண்டுவான்? மக்கள் பணத்தில் தந்த சலுகையை மடியில் கட்டிக்கொண்டு, விலை ஏறட்டும் என்று காத்திருப்பான். கம்பெனிகளும் ஒன்றையொன்று விழுங்குகின்றன. 2024 மேயில் எக்சான் பயனியரை விழுங்கியது. 2025 சூலையில் பாக்கனின் பெரும்புள்ளியான ஹெஸ்ஸை செவ்ரான் விழுங்கியது. இரண்டு கம்பெனி ஒன்றானால் இரண்டு ரிக்கும் ஒன்றாகும். அதைத்தான் அவர்கள் ‘சிக்கனம்’ என்கிறார்கள்.

காத்திருக்க முடியாதவன்

இந்த வழக்கின் உயிர்நாடிக்கு வந்துவிட்டோம். பெர்மிட் காத்திருக்கும். பாறைக்குள் எண்ணெய் கோடி ஆண்டு காத்திருக்கும். கம்பெனி காத்திருக்கும். காத்திருக்க முடியாதவன் ஒருவன் உண்டு. அவன் தொழிலாளி. வயிற்றுக்குத் தவணை இல்லை!

வில்லிஸ்டன் என்னும் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் அதன் மக்கள்தொகை 14,716. 2020இல் 29,160. பத்தாண்டில் ஊர் இரட்டித்தது. வேலை இழந்தவர்கள் அமெரிக்காவின் நாலாமூலைகளிலிருந்தும் அங்கே வந்தார்கள். வீடு இல்லை. காரில் படுத்தார்கள், வண்டி வீடுகளில் படுத்தார்கள், ஆண்கள் மட்டும் தங்கும் முகாம்களில் அடைந்தார்கள். 2014இல் எடுத்த ஒரு கணக்கின்படி சிறு வீட்டு வாடகையில் நியூயார்க்கையும் மிஞ்சியது இந்தச் சிற்றூர்! கூலி உயர்ந்தது உண்மை. உயர்ந்த கூலியை வாடகை விழுங்கியதும் உண்மை.

உயிரையும் விழுங்கியது. அமெரிக்கத் தொழிற்சங்கப் பேரவை வெளியிட்ட கணக்கைக் கேளுங்கள்: 2012இல் வட டக்கோட்டாவில் ஒரு லட்சம் தொழிலாளருக்கு 17.7 பேர் வேலையில் மாண்டனர். நாடு முழுவதற்கும் அந்த எண்ணிக்கை 3.4. ஐந்து மடங்குக்கும் மேல்! ரிக் கணக்கு உச்சத்தைத் தொட்ட ஆண்டு எது? அதே 2012. அவசரத்தின் விலையை யார் கட்டினார் என்பதை இந்த இரண்டு எண்களை அருகருகே வைத்தால் குழந்தையும் சொல்லும். 1947இலேயே அந்த மாநிலத்தில் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். பெயர் ‘வேலை செய்யும் உரிமை’, செயல் சங்கத்தின் கையைக் கட்டுவது. உரிமை என்று பெயரிட்டு உரிமையைப் பறிப்பது ஆளும் வர்க்கத்துக்கு எங்கும் கைவந்த கலை.

பிறகு வந்தது வீழ்ச்சி. 2014 இலையுதிர் காலத்தில் 190ஐ ஒட்டி ஓடிய ரிக்குகள் 2016 மே மாதம் 27 ஆயின. ஒரு ரிக்கைச் சுற்றி ஏறத்தாழ 120 வேலை என்பது அந்த மாநில எண்ணெய்த் துறையினரே சொல்லிவந்த மதிப்பு. நின்றுபோன ரிக்குகள் 160க்கு மேல். பெருக்கிப் பாருங்கள், தோழர்களே! ஏறத்தாழ இருபதாயிரம் பேரின் பிழைப்பு. அந்த நேரத்தில் மாநில அரசு எண்ணெய் எடுப்பு வரியில் கைவைத்தது. விலை விழுந்தால் கிடைத்துவந்த பழைய விலக்கை நீக்கிவிட்டு, வரியை 6.5 விழுக்காட்டிலிருந்து 5 ஆக்கியது. 2016 சனவரி முதல் நடைமுறை. ரிக் வரும் என்றார்கள். வரி குறைந்து ஐந்தாம் மாதத்தில்தான் ரிக் 27க்கு விழுந்தது! வரி சொல்லி ரிக் கேட்காது. விலை சொன்னால்தான் கேட்கும்.

2020இல் கொரோனா வந்தது. ஏப்ரல் 20ஆம் நாள் அமெரிக்க எண்ணெயின் முன்பேர விலை சுழிக்கும் கீழே போயிற்று. எடுத்துக்கொண்டு போகிறவனுக்குப் பணம் தரும் நிலை! ஐம்பதுக்கு மேல் ஓடிய ரிக்குகள் கோடைக்குள் பத்தை ஒட்டிச் சுருங்கின. பாக்கனில் பெயர்பெற்ற வைட்டிங் நிறுவனம் ஏப்ரல் 1 அன்று திவாலுக்கு மனுப் போட்டது. அதற்குச் சில நாள் முன்பு தன் மேலதிகாரிகளுக்கு 1 கோடியே 46 லட்சம் டாலர் ஊக்கத்தொகை தர ஒப்புக்கொண்டிருந்தது! கப்பல் மூழ்குகிறது, தலைவன் முதலில் தன் பெட்டியைக் கரை சேர்க்கிறான். கொரோனாவுக்காகக் கூட்டரசு தந்த நிதியில் 1 கோடியே 60 லட்சம் டாலரை, துளைத்துப் போட்ட கிணறுகளை உடைத்து முடிக்கக் கம்பெனிகளுக்கு மானியமாகத் தந்தது மாநிலம். கிணறு ஒன்றுக்கு 2 லட்சம் டாலர் வரை. கம்பெனி காத்திருந்தது, காத்திருந்ததற்குக் கூலியும் கிடைத்தது.

அந்த மண்ணின் மற்றொரு முகம்

இவ்வளவுதானா வட டக்கோட்டா என்றால், இல்லை. அந்த மண்ணுக்கு வேறொரு வரலாறு உண்டு. நம் தோழர்கள் அதை அறிந்தால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

தானிய வியாபாரிகளும் வங்கிக்காரர்களும் இரயில் கம்பெனிகளும் உழவனைப் பிழிந்த காலம். 1915இல் கட்சி சாரா உழவர் கழகம் என்ற பெயரில் அங்கே ஒரு பேரியக்கம் எழுந்தது. உழவர்கள் வாக்குச் சீட்டை ஆயுதமாக்கினார்கள், ஆட்சியைப் பிடித்தார்கள். 1919இல் மாநில அரசே நடத்தும் வங்கியைத் தொடங்கினார்கள். 1922இல் மாநில அரசின் மாவு ஆலை கிராண்ட் போர்க்சு நகரில் ஓடத் தொடங்கியது. முதலாளித்துவத்தின் கோட்டை என்கிறோமே அந்த அமெரிக்காவில், மக்களின் வங்கியும் மக்களின் ஆலையும் இன்றும் இயங்குகின்றன!

அந்த வங்கியையும் ஆலையையும் நடத்த 1919இல் அவர்கள் அமைத்ததுதான் தொழில் ஆணையம். ஆளுநர், அரசு தலைமை வழக்கறிஞர், வேளாண் ஆணையர் என மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மூவர் அதில் இருக்கிறார்கள். இன்று எண்ணெய்க் கிணற்றுக்கு விதி வகுப்பதும், ரிக் பட்டியல் வெளியிடும் துறையின் மேல் அமர்ந்திருப்பதும் அதே ஆணையம்தான். உழவன் வியாபாரியை அடக்கக் கட்டிய கோட்டையில் அமர்ந்துகொண்டே கம்பெனிக்குத் தவணை நீட்டுகிறார்கள்! கருவியைக் கட்டுவது பாதி வேலைதான். அதைக் கையில் வைத்திருப்பது மறுபாதி.

ஆனால் அந்தப் பழைய இயக்கத்தின் மணம் முற்றிலும் போய்விடவில்லை. 2010இல் அம்மாநில மக்கள் வாக்களித்து ஒரு நிதியம் அமைத்தார்கள். எண்ணெய் எரிவாயு வரியில் நூற்றுக்கு 30 பங்கு அதில் சேர வேண்டும், 2017 வரை யாரும் தொடக்கூடாது. அது இன்று 1,000 கோடி டாலரைத் தாண்டிய நிதியமாக வளர்ந்திருக்கிறது. எண்ணெய் தீரும், அந்தப் பணம் நிற்கும். மக்கள் கேட்டுப் பெற்றதுதான் மக்களுக்கு மிஞ்சியது. கம்பெனி தருவதாகச் சொன்னது காகிதத்தோடு போயிற்று.

எதை எண்ண வேண்டும்?

தோழர்களே! ஆட்சியாளர்கள் எங்கும் காகிதத்தைத்தான் முதலில் காட்டுவார்கள். இத்தனை அனுமதி, இத்தனை ஒப்பந்தம், இத்தனை கையெழுத்து, இத்தனை ஆயிரம் வேலை என்பார்கள். வட டக்கோட்டா கற்றுத் தரும் பாடம் எளிது. காகிதத்தைக் காட்டினால் இரும்பைக் கேளுங்கள்: எத்தனை பெர்மிட் என்பதல்ல, எத்தனை ரிக் ஓடுகிறது? இரும்பைக் காட்டினால் ஆளைக் கேளுங்கள்: அந்த ரிக்கில் எத்தனை பேர், என்ன கூலி, எத்தனை பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள்? உற்பத்தியைக் காட்டினால் பங்கைக் கேளுங்கள்: கிணறு வற்றும் நாளில் ஊருக்கு என்ன மிஞ்சும்?

இந்தக் கேள்விகளைக் கேட்க அங்குள்ளவனுக்கு ஒரு வசதி இருக்கிறது. கணக்கு பொதுவில் கிடக்கிறது. யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம், நாள்தோறும் பார்க்கலாம். அந்தக் கணக்குப் புத்தகத்தில் இன்னும் ஒரு கட்டம் வேண்டும் என்று கேட்பதே அங்குள்ள தொழிலாளியின் அடுத்த வேலை. பெர்மிட்டுக்குக் காலக்கெடு எழுதியிருக்கிறீர்கள், குத்தகைக்குக் காலக்கெடு எழுதியிருக்கிறீர்கள், மூடிய கிணற்றுக்குத் தவணை எழுதியிருக்கிறீர்கள். ரிக் நின்றால் அதில் நின்றவன் எத்தனை நாள் உண்பான் என்பதை எங்கே எழுதினீர்கள்? நிலத்தடியில் காத்திருக்கும் எண்ணெய்க்கு மதிப்புப் போடுகிறீர்கள், நிலத்தின்மேல் காத்திருக்கும் மனிதனுக்கு மதிப்பு என்ன?

தவணை முதலாளிக்கு, தவிப்பு தொழிலாளிக்கு என்ற நீதி நெடுநாள் நிற்காது. நூறாண்டுக்கு முன் கோதுமை மூட்டையை எடை போட்டு ஏமாற்றியவனிடம் தராசைப் பறித்த மண் அது. ரிக்கை எண்ணக் கற்றுக்கொண்ட கைகள், ஒரு நாள் கணக்குப் புத்தகத்தையும் வாங்கிப் புரட்டும். அந்த நாள் வரை எண்ணிக்கொண்டே இருக்கட்டும்!